ஹாரன் அடிக்காத பாய்

எங்கள் வேன்காரர் ஹாரன் அடித்து நான் கேட்டதே இல்லை.

ஆலங்காயத்தைச் சுற்றி ஐந்து ஊர்களில் பதினான்கு பெண்களை ஏற்றிக்கொண்டு, வாணியம்பாடி வழியாக ஆம்பூரில் இருக்கும் ஷூ கம்பெனிக்குக் காலை எட்டரைக்குள் கொண்டுபோய்ச் சேர்ப்பது அவர் வேலை. மற்ற கம்பெனி வேன்கள் ஊருக்குள் நுழையும்போதே ஹாரனை அழுத்திக்கொண்டு வரும். நாய்கள் குரைக்கும், தொட்டிலில் தூங்கும் குழந்தைகள் எழுந்து அழும். இவர் வண்டி வந்து நிற்பதே தெரியாது. கதவைத் திறந்தால் எதிரே வெள்ளை வேன் நின்றுகொண்டிருக்கும். ஸ்டியரிங் மேல் இரண்டு கையையும் மடித்து வைத்து, அதன்மேல் தாடையை ஊன்றி உட்கார்ந்திருப்பார்.

ஒருநாள் கேட்டேன்.

"ஹாரன் அடிச்சா இன்னா ஆவும் தெரியுமா? பொம்பளைங்க பதறிடுவாங்க. அடுப்ப அணைச்சமா, புள்ளைக்கு சோறு கட்டினமான்னு பாக்காம ஓடியாருவாங்க. அப்பறம் கம்பெனில எட்டு மணி நேரம் அதையே நெனச்சினு உக்காந்திருப்பாங்க. ரெண்டு நிமிஷம் நின்னா நான் இன்னா கொறைஞ்சா பூடுவேன்?"

நாங்கள் எல்லாரும் அவரை பாய் என்றுதான் கூப்பிடுவோம். ஆறு வருஷம் அவர் வண்டியில் போனேன்; பெயரைக் கேட்கத் தோன்றவில்லை. ஆஸ்பத்திரிச் சீட்டில்தான் முதல்முறையாகப் படித்தேன். அதை இங்கே எழுதவில்லை. பாய் என்றே இருக்கட்டும்.

நிற்பதுதான் அவர் குணம். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான். எங்கள் வண்டியில் ஒரு பெண் பிரசவமாகி மூன்று மாசம் கழித்து வேலைக்குத் திரும்பினாள். முதல் நாள் வேனில் ஏறி உட்கார்ந்தவளுக்கு வீட்டுக்குள்ளே குழந்தை அழும் சத்தம் கேட்டது. இவளும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். பாய் இன்ஜினை அணைத்துவிட்டார்.

"போய் பால் குடுத்துட்டு வா மா."

"வாணாம் பாய், லேட்டாயிடும்."

"லேட்டானா ஆவட்டும். போ."

இருபது நிமிஷம் நின்றோம். எங்களுக்குக் கோபம்தான். மூன்று நாள் லேட்டானால் அரை நாள் சம்பளம் போய்விடும். கம்பெனி வாசலில் டைம் ஆபீஸ்காரர் எங்களை வரிசையாக நிறுத்தி வைத்துக் காரணம் கேட்டபோது, பாய் வண்டியிலிருந்து இறங்கி வந்தார்.

"வண்டிதான் சார் லேட்டு. பொண்ணுங்க லேட்டு இல்ல."

"இன்னா ஆச்சு? பஞ்சரா?"

பஞ்சர் என்று சொல்லிவிட்டால் முடிந்தது. எங்களில் ரெண்டு பேர் பின்னால் இருந்து அவர் சட்டையை இழுத்தே பார்த்தோம்.

"பஞ்சர் இல்ல சார். நான்தான் நின்னேன்."

அந்த மாசம் அவருக்குக் கம்பெனியிலிருந்து எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார்கள். மடித்து டேஷ்போர்டுக்குள் போட்டுவிட்டு மறுநாளும் அதேபோல நின்றார்.

சாயங்காலம் திரும்பும்போதும் அப்படித்தான். எங்களோடு வந்த ஒரு பெண்ணின் அப்பா குடித்துவிட்டுக் கதவைத் தாழ் போட்டுக்கொள்கிறவர். மற்ற ஊர்களில் ஆள் இறங்கியதும் வண்டி கிளம்பிவிடும். அவள் ஊரில் மட்டும், அவள் கதவைத் தாண்டி உள்ளே போய், ஜன்னல் வழியாகக் கையைக் காட்டினால்தான் கியர் போடுவார். யாராவது முணுமுணுத்தால் காதில் விழாதது மாதிரி கண்ணாடியைத் துடைப்பார்.

அவர் மனைவியை நாங்கள் அக்கா என்போம். ஒரு ரம்ஜானுக்கு எங்களை வீட்டுக்கு அழைத்திருந்தபோது அக்கா சிரித்துக்கொண்டேதான் சொன்னார்: "ஊர்ல இருக்கற பொண்ணுங்களுக்கெல்லாம் நிப்பாரு. என்னை டாக்டர் கிட்ட கூட்டினு போகச் சொன்னா மட்டும் டைம் இருக்காது." பாய் சேமியாக் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதிலும் கொஞ்சம் உண்மை இருந்தது என்று நினைக்கிறேன். அவர்களுக்குக் குழந்தை இல்லை. அக்கா கட்டிக் கொடுப்பதைத் தவிர பாய் வெளியில் ஒரு வாய் டீகூடக் குடிக்க மாட்டார். வயிறு ஒத்துக்கொள்ளாது என்பார்.

அப்படிப்பட்டவருக்கு நான் ஒருநாள் ஈரல் வறுவல் கொடுத்தேன்.

அன்று திங்கட்கிழமை. முந்தின நாள் சாயங்காலம் வாங்கிய கோழி ஈரல். எனக்கு ஈரல் பிடிக்காது. வீட்டுக்காரருக்காகத்தான் விடியற்காலையில் எழுந்து வறுத்தேன். அவர் வாணியம்பாடியில் தோல் ஷெட்டில் வேலை செய்கிறவர். மதியத்துக்குக் காரமாக ஏதாவது இருந்தால்தான் சோறு இறங்கும். பாதி வறுக்கும்போது கேஸ் தீர்ந்துவிட்டது. பக்கத்து வீட்டில் சிலிண்டர் கேட்டேன், இல்லை. வாணலியை மூடி, இருக்கும் சூட்டிலேயே வேகட்டும் என்று விட்டுவிட்டுத் தலை வாரினேன், தண்ணீர் பிடித்தேன், இட்லி மாவை என்ன செய்வது என்று தெரியாமல் நின்றேன். வெளியே வேன் வந்து நின்றிருந்தது எனக்குத் தெரியும்.

டப்பாவில் போடும்போது ஒரு துண்டு கரண்டி பட்டு உடைந்தது. உள்ளே சிவப்பாக இருந்தது. பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் மூடினேன்.

வீட்டுக்காரருக்கு ஒரு டப்பா, மிச்சத்தை இன்னொரு டப்பாவில் போட்டு என் பையில் வைத்துக்கொண்டு ஓடினேன். பதினோரு நிமிஷம் லேட். வேனில் ஏறியதும் ஒருத்தி கத்தினாள்: "தெனம் உனக்காவ நாங்க நிக்கணுமா? இந்த மாசம் எனக்கு இது மூணாவது லேட்டு!" நான் அழுதுவிட்டேன். கம்பெனி வாசலில் எல்லாரும் இறங்கிய பிறகு, என்ன செய்வதென்று தெரியாமல், அந்த டப்பாவை எடுத்து பாயிடம் நீட்டினேன்.

"சாப்பிடுங்க பாய். பாய் கடைல வாங்கினதுதான்."

"அத நான் கேக்கலியே மா."

வாங்கத் தயங்கினார். என் முகத்தைப் பார்த்தார். "அழுவாத. குடு" என்று வாங்கி சீட்டுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். சாயங்காலம் டப்பா கழுவித் திரும்பி வந்தது. "காரம் கொஞ்சம் ஜாஸ்தி மா. ஆனா நல்லா இருந்திச்சு."

புதன்கிழமை என் வீட்டுக்காரருக்கு வயிற்றால் போனது. காய்ச்சலோடு மூன்று நாள் படுத்துக்கிடந்தார். "அதுல இன்னாடி போட்ட?" என்று கேட்டார். வியாழக்கிழமை பாய் வரவில்லை. மாற்று டிரைவர் ஊருக்கு வெளியிலிருந்தே ஹாரன் அடித்துக்கொண்டு வந்தான்.

அடுத்த செவ்வாய்க்கிழமை பாய் வந்தார். கன்னம் ஒட்டியிருந்தது.

"வயிறு ரொம்ப பேஜார் பண்ணிடுச்சு. ரத்தமாவே போச்சு. இப்ப பரவால்ல."

என் வீட்டுக்காரரும் அதற்குள் எழுந்து வேலைக்குப் போயிருந்தார். எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்தேன். மன்னிப்பு கேட்கலாமா என்று ஒரு தடவை வாய் வரைக்கும் வந்தது. சரியாகிவிட்ட விஷயத்தை ஏன் கிளற வேண்டும் என்று விட்டுவிட்டேன்.

அதற்கடுத்த வாரம் வண்டியில் ஏறும்போது அவர் கதவை இரண்டு கையாலும் பிடித்து ஏறினார். "கால்ல எறும்பு ஓடற மாதிரியே இருக்குது. செருப்பு போட்ருக்கனா இல்லியான்னு கூடத் தெரில" என்று சிரித்தார். சத்து இல்லை, முட்டை சாப்பிடுங்கள் என்று நாங்கள் ஆளுக்கொன்று சொன்னோம்.

ரெண்டு நாள் கழித்து ஒரு சனிக்கிழமை. நான் அவருக்கு நேர் பின்சீட்டில் இருந்தேன். வாணியம்பாடி ரோட்டில் ஒரு இறக்கம் வரும். அதற்குக் கொஞ்சம் முன்னாலிருந்தே அவர் ரோட்டைப் பார்க்காமல் அடிக்கடி குனிந்து கீழே பார்ப்பதைக் கவனித்தேன். போன் விழுந்துவிட்டதா என்று எட்டிப் பார்த்தேன். அவர் தன் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். கால் பிரேக்கின் மேல் இருக்கிறதா என்று கண்ணால் பார்த்தால்தான் அவருக்குத் தெரிகிறது.

வண்டி இறக்கத்தில் வேகம் எடுத்தது. எதிரே செங்கல் லாரி. பாய் இடது கையால் ஹேண்ட் பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து, வண்டியை மண் ஓரத்தில் இறக்கி, ஒரு புளியமரத்துக்கு முன்னால் நிறுத்தினார். ஒருத்திக்கும் ஒரு கீறல் இல்லை. கடைசி சீட்டில் இருந்த ரெண்டு பேருக்கு ஏதோ நடந்ததே தெரியவில்லை. "ஏன் பாய் நின்னுட்டீங்க?" என்று கேட்டார்கள்.

"எல்லாரும் எறங்கிடுங்க மா. ரோட்டுப் பக்கம் எறங்காதீங்க, இப்டி எறங்குங்க." கடைசிப் பெண் இறங்கும் வரை கையை ஹேண்ட் பிரேக்கிலிருந்து எடுக்கவில்லை. பிறகு சொன்னார்: "என்னால எறங்க முடில. கால் வரமாட்டேங்குது."

நாங்கள்தான் அவரைத் தூக்கி இறக்கினோம். ஐந்து பெண்கள். கால்கள் ரெண்டும் ஈரத் துணி மாதிரி தொங்கின. அவருக்கு வெட்கம் தாங்கவில்லை. "மாஃப் கரோ மா, மன்னிச்சிடுங்க மா" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். ஆம்புலன்ஸ் வரும் வரை அவர் தலையை ஒருத்தி மடியில் வைத்திருந்தாள். அன்று நாங்கள் யாரும் வேலைக்குப் போகவில்லை.

வாணியம்பாடியில் பார்த்துவிட்டு உடனே வேலூருக்கு அனுப்பிவிட்டார்கள். மறுநாள் கை போனது. அதற்கு மறுநாள் விழுங்க முடியவில்லை, குரல் மூக்கால் வந்தது. நான்காம் நாள் மூச்சுக்கு மிஷின் வைத்தார்கள். பத்து நாளுக்கு முன் வேன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்த மனிதர்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நாங்கள் மூன்று பேர் பஸ் ஏறிப் போனோம். தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வெளியே பெஞ்சில் அக்கா துப்பட்டாவால் தலையை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"இன்னா சொல்றாங்க அக்கா?"

"நரம்பு நோயாம். சரியா வேகாத கோழில ஒரு கிருமி இருக்குமாம். அது வயித்துக்குள்ள போனா, பேதியோட போய்டுமாம் எல்லாருக்கும். எங்கியோ ஒருத்தருக்கு மட்டும், கிருமிய அடிக்கக் கெளம்பின ஒடம்பு அதே வேகத்துல சொந்த நரம்பையே அடிச்சிடுமாம்." கையைப் பிசைந்தார். "டாக்டரு என்னையே பாத்துக் கேக்கறாரு, இன்னா சாப்ட்டாரு, எங்க சாப்ட்டாருன்னு. அவரு வெளிய எங்க சாப்ட்டாரு? என் கையால ஆக்கினதுதான். வயிறு கெடறதுக்கு முந்தின ஞாயித்துக்கெழம நான் கோழிதான் ஆக்கினேன். நல்லாத்தான் வெந்திருந்துது. வெந்திருந்துதா? எனக்கு இப்ப எதுவும் நெனப்பில்ல."

என்கூட வந்த ரெண்டு பேரும், அதெல்லாம் இருக்காது அக்கா என்று தேற்றினார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. வாயைத் திறந்தால் என்ன வரும் என்று எனக்குத் தெரியும்.

உள்ளே ஒருவர் ஒருவராகத்தான் விட்டார்கள். பாய் கண்ணைத் திறந்து கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அசைந்தது இமை மட்டும்தான். நெஞ்சு ஏறி இறங்குவதுகூட மிஷினால். நர்ஸ் சொன்னாள்: "அவருக்கு எல்லாம் கேக்குது, எல்லாம் புரியுது. ஆமான்னா ஒரு தடவை கண்ண மூடுவாரு. இல்லன்னா ரெண்டு தடவை." ரத்தத்திலிருந்து எடுக்கும் ஏதோ மருந்தை ஐந்து நாள் சொட்டுச் சொட்டாக ஏற்றியிருந்தார்கள். நரம்பு தானாக வளர்ந்து வர வேண்டும், அதை அவசரப்படுத்த முடியாது என்றாள்.

நர்ஸ் தள்ளிப் போனதும் குனிந்தேன்.

"பாய், நான் குடுத்த ஈரல்தான். உள்ள வேகல. எனக்கு அப்பவே தெரியும் பாய். எங்க வூட்டுக்காரருக்கும் வயித்தால போச்சு. அக்கா தன் மேல பழி போட்டுக்கறாங்க" என்று சொல்ல நினைத்தேன். மற்றதையெல்லாம் சொன்னேன், கடைசி வரியை மட்டும் சொல்லவில்லை. அதற்குப் பதில், "அக்கா கிட்ட சொல்லிடட்டுமா?" என்று மட்டும் கேட்டேன்.

அவர் கண் என் பக்கம் திரும்பியது. ஒரு தடவை மூடித் திறந்தது. நின்றது. மறுபடி மூடித் திறந்தது.

வெளியே வந்தேன். என்னைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னார் என்று தெரியும். அந்த நிமிஷம் என் மனசு லேசானது. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்னைப் பிடிப்பதில்லை.

மூன்று மாசத்துக்கு மேல் ஆஸ்பத்திரியில் இருந்தார். ஒரு தடவை நிமோனியா வந்து பிழைக்க மாட்டார் என்றார்கள். பிழைத்தார். மிஷினை எடுத்தார்கள், மிஷினுக்காகக் கழுத்தில் போட்ட துளை மூடியது, கரகரத்த குரலில் பேச்சு வந்தது. வீட்டுக்குக் கூட்டி வந்தார்கள். தோள் அசைந்தது, முழங்கை மடங்கியது. விரல்கள் மூடவில்லை. காலில் ஒன்றும் வரவில்லை. சிலருக்கு முழுசாக வரும், சிலருக்கு இவ்வளவுதான், எது என்று இப்போது சொல்ல முடியாது என்று டாக்டர் சொல்லி அனுப்பினார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் போவேன். அக்கா அவருக்குச் சோறு ஊட்டுவார், வாய் துடைப்பார், புரட்டிப் படுக்க வைப்பார். பாய் என்னிடம் வண்டியைப் பற்றிக் கேட்பார். யார் யார் வருகிறார்கள், அந்தக் குடிகாரன் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாச்சா, புது டிரைவர் எப்படி. ஈரலைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை.

அக்கா அந்த வீட்டில் கோழி வாங்குவதை நிறுத்திவிட்டார். தண்ணீரை ரெண்டு தடவை காய்ச்சினார். சமைத்த பாத்திரத்தை சோடா போட்டுத் தேய்த்து, வெந்நீர் ஊற்றி, மறுபடி தேய்த்தார். உள்ளங்கைத் தோல் உரிந்து சிவந்து கிடந்தது. "அவர் கிட்ட சொல்லாத மா. நான்தான் காரணம்னு நான் நெனைக்கறது தெரிஞ்சா ஒடைஞ்சிடுவாரு" என்று அடுப்படியில் என்னிடம் சொன்னார். அக்காவின் மனசில் இருப்பது பாய்க்குத் தெரியாது. பாய் மறைப்பது அக்காவுக்குத் தெரியாது. ரெண்டும் தெரிந்தவள் நான் ஒருத்தி. அக்கா கொடுக்கும் மோரைக் குடித்துவிட்டு வீட்டுக்கு வந்துகொண்டிருந்தேன்.

கடைசியில் அவர்கள் ஊரைக் காலி செய்ய முடிவெடுத்தார்கள். தனியாளாக அவரைத் தூக்கிப் படுக்க வைக்க அக்காவால் முடியவில்லை. மேல்விஷாரத்தில் அக்காவின் அண்ணன் வீடு இருக்கிறது. கீழ்ப்போர்ஷனைக் கொடுப்பதாகச் சொன்னார். கிளம்புகிற அன்று மூட்டை கட்ட உதவிக்குப் போனேன். அடுப்படியில் பாத்திரங்களை அடுக்கத் தொடங்கியபோது அக்கா என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"இது எதுவும் வாணாம். பழைய இரும்புக்காரனுக்குப் போடச் சொல்லிட்டேன். எங்க அண்ணன் வூட்ல சின்னப் புள்ளைங்க இருக்குது. என் பாத்திரத்துல இருக்கற விஷம் அங்கயும் வாணாம். அண்ணி கிட்ட சொல்லிட்டேன், நான் அடுப்பு கிட்டயே வரமாட்டேன்னு."

அதற்குமேல் என்னால் முடியவில்லை. சொல்லிவிட்டேன். கேஸ் தீர்ந்தது, உள்ளே சிவந்திருந்தது, பார்த்துவிட்டு மூடியது, என் வீட்டுக்காரர் படுத்தது, பாய் கண்ணால் வேண்டாம் என்றது, எல்லாவற்றையும். சொல்லி முடிக்கும்போது தரையில் உட்கார்ந்திருந்தேன்.

அக்கா என் எதிரே வந்து உட்கார்ந்தார். பிறகு கையை விரித்து என் முகத்துக்கு நேரே காட்டினார்.

"ஏழு மாசம். இதப் பாத்துனுதானே இருந்த?"

"பாத்தேன் அக்கா."

"பாத்துனு மோரு குடிச்ச."



"நீ வேணும்னு பண்ணல. அது எனக்குப் புரியுது. ஆனா போனாப் போவுதுன்னு சொல்ல எனக்கு வாய் வரல. நீ கெளம்பு."

முன் அறையில் பாய் சக்கர நாற்காலியில் இருந்தார். நாங்கள் பேசியது கேட்டிருக்க வேண்டும். என்னைப் பார்த்து ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் டெம்போக்காரர்கள் ரெண்டு பேர் வந்து அவர் தோளுக்கடியில் கை கொடுத்துத் தூக்கிக்கொண்டு போய் முன்சீட்டில் உட்கார வைத்தார்கள். உடம்பு ஒரு பக்கம் சாய்ந்தது. அக்கா பக்கத்தில் ஏறி, தன் தோளால் அவரை முட்டுக் கொடுத்துக்கொண்டார். நான் வாசலோடு நின்றுவிட்டேன்.

மூன்று வருஷம் ஆகிறது. அவரைப் பிறகு நான் பார்க்கவில்லை. போக வேண்டும் என்று கிளம்பி ஆம்பூர் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் ரெண்டு தடவை போய்த் திரும்பியிருக்கிறேன்.

போன மாசம் மதிய இடைவேளையில் ஒரு புது நம்பரிலிருந்து போன் வந்தது. எடுத்ததும் குரல் தெரிந்துவிட்டது.

"நான்தான் பேசறேன். இன்னிக்கு காலைல டீ க்ளாஸ அவரே புடிச்சிக் குடிச்சாரு. கொஞ்சம் சிந்திச்சு. மிச்சத்தக் குடிச்சிட்டாரு."

"அக்கா..."

"சொல்லணும்னு தோணிச்சு. சொன்னேன். வேற ஒண்ணும் இல்ல."

ஒரு கையால் பிடித்தாரா, ரெண்டு கையாலுமா என்று கேட்க நினைத்தேன். அதற்குள் வைத்துவிட்டார்.